'டப்'னு ஒரு சத்தம்... டி.வி. அவுட்! எரிந்த பவர் சப்ளையைச் சரிசெய்ய முடியுமா?

மழைக்கு முன்பான காற்று. தெருவில் கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. மூன்றாவது முறை வரும்போது ஹால் விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறது. ஃபேன் தலைதெறிக்கச் சுற்றுகிறது. அடுத்த நொடி டி.வி.க்குப் பின்னாலிருந்து 'டப்' என்றொரு சத்தம். லேசான கருகல் வாடை. அதன்பிறகு ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ஓரத்தில் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு விளக்குகூட வரவில்லை.

"போர்டு போச்சு", "ரிப்பேருக்குக் கொடுக்கிற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். ஆனால், இப்படி நின்றுபோகும் டி.வி.க்களில் பலவற்றில் திரை நன்றாகவே இருக்கும். படத்தையும் சத்தத்தையும் கவனிக்கும் மெயின் போர்டும் நன்றாக இருக்கும். எரிந்தது உள்ளங்கை அளவுள்ள பவர் சப்ளை போர்டு மட்டும்தான். அதிலும் மொத்தமாக எல்லாம் எரிந்திருக்காது. நான்கைந்து சிறு பாகங்கள்தான் போயிருக்கும்.

அந்தப் பாகங்களை மாற்றினால் டி.வி. உயிர் பெற்றுவிடும். ஆனால், அவை ஏன் எரிந்தன என்று கண்டுபிடிக்காமல் மாற்றினால், அடுத்த மழைக்கு மறுபடியும் எரியும். சில சமயம் மாற்றிய அன்றே எரியும். நல்ல ரிப்பேரையும் அரைகுறை ரிப்பேரையும் பிரிக்கும் கோடு இதுதான். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர், மானிட்டர் என்று வீட்டிலுள்ள பெரும்பாலான எலெக்ட்ரானிக் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

230 வோல்ட் வருகிறது... 12 வோல்ட் போதும்!

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைபாயும் மின்சாரம் அது. டி.வி.க்குள் இருக்கும் ஐ.சி.க்களுக்கு அது ஆகாது. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் எனச் சிறிய அளவில், ஒரே சீராகப் பாயும் டி.சி. மின்சாரம் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் பவர் சப்ளையின் வேலை.

பழைய காலத்து ரேடியோ, ஆம்ப்ளிஃபையர்களைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் நினைவிருக்கும். உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இப்போதைய போன் சார்ஜரோ தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. காரணம், எஸ்.எம்.பி.எஸ். என்று மெக்கானிக்குகள் சொல்லும் சுவிட்ச் மோட் பவர் சப்ளை. 230 வோல்ட்டை முதலில் டி.சி.யாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவதுதான் இதன் உத்தி. வேகம் கூடக்கூட ட்ரான்ஸ்ஃபார்மரின் அளவு குறைந்துகொண்டே போகும்.

2006-ல் தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டத்தில் வீடு வீடாக வந்து சேர்ந்த குண்டு டி.வி.க்களிலும் இதே எஸ்.எம்.பி.எஸ். முறைதான். இன்றைய மெல்லிய எல்.இ.டி. டி.வி.யிலும் அதேதான். வடிவம் மாறியிருக்கிறது, உள்ளே நடக்கும் வேலை மாறவில்லை.

மாடித் தொட்டியும் குழாயும்

பவர் சப்ளையின் பாகங்களை வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழியாக நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும்.

மின்சாரம் உள்ளே நுழைந்ததும் முதலில் சந்திப்பது ஃபியூஸ். அளவுக்கு மீறிக் கரன்ட் பாய்ந்தால் தன்னை உருக்கிக்கொண்டு பாதையைத் துண்டிக்கும்.

அடுத்து, பொத்தான் வடிவில் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு வட்டத் தகடு. அதன் பெயர் வேரிஸ்டர். சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறினால் அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, ஃபியூஸை எரியவைத்து, பின்னால் இருப்பவர்களைக் காப்பாற்றும். எல்லா போர்டிலும் இது இருப்பதில்லை. செலவைக் குறைக்க நினைக்கும் மலிவு விலை போர்டுகளில் முதலில் காணாமல்போவது இந்தப் பாகம்தான். அதன் இடம் மட்டும் காலியாக இருக்கும்.

மூன்றாவது, நான்கு டயோடுகள் சேர்ந்த பிரிட்ஜ் ரெக்டிஃபையர். முன்னும் பின்னும் ஓடும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் ஒருவழிக் கதவு இது.

நான்காவது, போர்டிலேயே பெரிதாக உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். இதுதான் மாடித் தொட்டி. இதில் நிரம்பி நிற்பது ஏறத்தாழ 325 வோல்ட். '230 தானே உள்ளே வந்தது?' என்று தோன்றலாம். ஏ.சி. அலையின் சராசரி வலுவைச் சொல்லும் கணக்குதான் 230. அந்த அலையின் உச்சி 325. தொட்டி உச்சி வரை நிரம்பிக்கொள்ளும்.

ஐந்தாவது, மாஸ்ஃபெட் என்ற கருப்பு நிற மூன்று கால் பாகம். தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் குழாய். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது பக்கத்தில் இருக்கும் சின்ன ஐ.சி. சில போர்டுகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அதன்பின் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர், அதைத் தாண்டி டயோடுகள், சிறிய கெப்பாசிட்டர்கள். கடைசியில் 12 வோல்ட் தயார். 12 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்து, முன்பக்கம் இருக்கும் ஐ.சி.க்கு ஒளி மூலமாகத் தகவல் சொல்லும் ஆப்டோகப்ளர் என்ற பாகமும் உண்டு.

போர்டின் குறுக்கே அகலமான இடைவெளி ஒன்று ஓடுவதையும் பார்க்கலாம். ஒரு பக்கம் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும் 'ஹாட்' பகுதி. மறுபக்கம் பாதுகாப்பான 'கோல்டு' பகுதி. இந்தக் கோட்டை மறந்தவர்கள்தான் ஷாக் வாங்குகிறார்கள்.

ஃபியூஸ் சொல்லும் சாட்சியம்

அனுபவமுள்ள மெக்கானிக் போர்டைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது ஃபியூஸைத்தான். அது போயிருக்கிறதா என்பதோடு, எப்படிப் போயிருக்கிறது என்றும் பார்ப்பார்.

கண்ணாடி ஃபியூஸின் உள்ளே இழை மட்டும் மெதுவாக அறுந்து, கண்ணாடி சுத்தமாக இருந்தால், பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை என்று பொருள். ஃபியூஸ் வயதாகிப் போயிருக்கலாம். அல்லது தாங்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரன்ட் பாய்ந்திருக்கலாம்.

கண்ணாடி முழுக்கக் கருத்து, வெள்ளிபோல ஏதோ பூசியது மாதிரி இருந்தால் விஷயம் வேறு. பின்னால் ஏதோ ஒரு பாகம் முழு ஷார்ட் ஆகி, கரன்ட் வெள்ளமாகப் பாய்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஃபியூஸை மட்டும் மாற்றி பிளக்கைச் சொருகினால், புது ஃபியூஸும் அதே நொடியில் வெடிக்கும்.

அப்படி ஷார்ட் ஆகும் பாகங்கள் பெரும்பாலும் வேரிஸ்டர், பிரிட்ஜ் டயோடு, மாஸ்ஃபெட் ஆகிய மூன்றில் ஒன்றுதான். மாஸ்ஃபெட் போனால் தனியாகப் போவது அரிது. அதன் காலோடு இணைந்திருக்கும் சிறிய ரெசிஸ்டரும், உத்தரவு போடும் ஐ.சி.யும் சேர்ந்தே எரிந்திருக்கக்கூடும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று கொடுத்த டி.வி., வீட்டுக்கு வந்த மறுநாளே திரும்பப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்று விதமான அறிகுறிகள்

டி.வி. வேலை செய்யவில்லை என்றால் எல்லாமே பவர் சப்ளை கோளாறு இல்லை. மூடியைக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஓரளவு கணிக்கலாம்.

*சிவப்பு விளக்குகூட வரவில்லை:* முதலில் பிளக் பாயின்ட்டில் கரன்ட் வருகிறதா என்று வேறு பொருளைச் சொருகிப் பாருங்கள். கரன்ட் இருந்தும் டி.வி. அசையவில்லை என்றால், பவர் சப்ளையின் 'ஹாட்' பகுதி போயிருக்க வாய்ப்பு அதிகம்.

*விளக்கு மினுமினுக்கிறது, 'டிக் டிக்' என்று சத்தம், ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது:* 12 வோல்ட் பக்கமிருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரிபோல உப்பியிருந்தாலோ, பிளந்து பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற ரசாயனக் கரைசல் காரணமாக உலகமெங்கும் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் இப்படித்தான் கொத்துக்கொத்தாக உப்பி வெடித்தன.

*சத்தம் வருகிறது, படம் வரவில்லை:* அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை திரைக்கு மிக அருகில் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால், பவர் சப்ளை பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒளி தரும் எல்.இ.டி. பட்டையோ, அதை இயக்கும் பகுதியோதான் போயிருக்கும். 'பேனல் போச்சு' என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையைச் செய்து காட்டிவிட்டுப் பேசலாம்.

நியூட்ரல் கட்டானால்...

இப்போது முக்கியமான கேள்வி. பவர் சப்ளை ஏன் எரிந்தது?

டி.வி.யோடு சேர்த்து ஃபிரிட்ஜ், மோடம், செட்டாப் பாக்ஸ், இரண்டு பல்புகள் என ஒரே நேரத்தில் பல பொருள்கள் போயிருந்தால், பழுது அந்தப் பொருள்களில் இல்லை. வீட்டுக்கு வந்த மின்சாரத்தில் இருக்கிறது. அதில் அதிகம் கேள்விப்படுவது 'நியூட்ரல் கட்'.

தெருக்கம்பத்தில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். காற்றிலோ, துருப்பிடித்த இணைப்பிலோ நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போல ஆகி, அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும்.

பங்கு சமமாக இருக்காது. ஏ.சி., மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ் கிடைக்கும். ஒரு டி.வி.யும் ஒரு விளக்கும் மட்டும் எரியும் வீட்டுக்கு 300, 350 வோல்ட் என்று ஏறிக்கொண்டே போகும். சிக்கனமாகக் கரன்ட் செலவழித்த வீட்டில்தான் பொருள்கள் எரிகின்றன என்பது இதில் உள்ள கொடுமை.

400 அல்லது 450 வோல்ட் மட்டுமே தாங்கும் என்று எழுதப்பட்ட அந்தப் பெரிய கெப்பாசிட்டருக்குள், 350 வோல்ட் ஏ.சி. வந்தால் 490 வோல்ட்டுக்கு மேல் நிரம்பப் பார்க்கும். 'டப்' சத்தம் அங்கிருந்துதான்.

அறிகுறி எளிது. விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிவது, ஃபேன் வழக்கத்துக்கு மாறாக வேகமெடுப்பது, மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஓர் அறை பளிச்சென்றும் இன்னோர் அறை மங்கலாகவும் இருப்பது... இவற்றில் எதைக் கண்டாலும் ஒரு நொடியும் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987-க்குப் புகார் சொல்லலாம். இணைப்பு சரியாகும்வரை மெயினைப் போடக் கூடாது.

நியூட்ரல் கோளாறு வீட்டுக்குள்ளேயும் இருக்கலாம். மீட்டர் பெட்டியிலோ, மெயின் போர்டிலோ திருகு தளர்ந்து, கருகியிருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து அதை முறுக்காமல், எரிந்த டி.வி.யை மட்டும் சரிசெய்து மாட்டுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிப்பது மாதிரி.

மின்னல் இன்னொரு வில்லன். அது கரன்ட் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள் வழியாகவும், இன்டர்நெட் செப்புக் கம்பி வழியாகவும் வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு கேபிளை மட்டும் விட்டுவைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இவற்றோடு நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. கதகதப்பான இடம் தேடி உள்ளே நுழையும் பல்லி, கரப்பான்பூச்சி, எறும்பு. 325 வோல்ட் நிற்கும் இரண்டு புள்ளிகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்தால், பல்லியும் காலி, போர்டும் காலி.

பத்து டிகிரியில் பாதி ஆயுள்

வோல்டேஜ் ஒருபோதும் எகிறாத வீட்டிலும் பவர் சப்ளை சாகும். மெல்லக் கொல்வது வெப்பம்.

உருளை வடிவ கெப்பாசிட்டரின் உள்ளே ஈரமான ரசாயனக் கரைசல் இருக்கிறது. சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது. இதற்குத் தொழில்நுட்ப உலகில் எளிய கணக்கு ஒன்று உண்டு: சூடு 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு.

105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று உறுதி தரப்பட்ட ஒரு கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். அது 75 டிகிரியில் இருந்தால் 16,000 மணி நேரம் உழைக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தினமும் 8 மணி நேரம் டி.வி. ஓடுகிறது என்றால், முதலாவது ஐந்தரை ஆண்டுகள். இரண்டாவது சுமார் பதினோரு ஆண்டுகள். வெறும் பத்து டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவு!

டி.வி.யைக் காற்றுப் புகாத மர ஷோகேஸுக்குள் செருகி வைப்பது, பின்பக்கத் துளைகளில் தூசி அடைய விடுவது, செட்டாப் பாக்ஸ் மேல் மோடத்தையும் மோடம் மேல் துணியையும் போட்டு வைப்பது எல்லாம் அந்தப் பத்து டிகிரியைக் கூட்டும் வேலைகள்தான்.

குண்டு பல்பு காப்பாற்றும்!

விவரம் தெரிந்த மெக்கானிக்கின் கடையில் ஒரு பழைய குண்டு பல்பு மாட்டிய சுவிட்ச் போர்டு இருக்கும். 'சீரிஸ் போர்டு' என்பார்கள். பெரிய கருவிகளுக்கு இணையான பாதுகாப்பைத் தரும் எளிய ஏற்பாடு அது.

வேலை இந்த வரிசையில் நடக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கலாம். ஃபியூஸ் போன போர்டில் வெகுநேரம்கூட நிற்கும். அதனால் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதைக் காலி செய்து, மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்வார். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது நல்ல பழக்கமில்லை. பாகமும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

அடுத்து கண்ணும் மூக்கும். கருகிய இடம், வெடித்த பாகம், உப்பிய தலை, விரிசல்விட்ட பற்றவைப்பு. பிறகு மல்டிமீட்டரில் ஃபியூஸ், பிரிட்ஜ் டயோடு, மாஸ்ஃபெட், அதன் ரெசிஸ்டர் என்று ஒவ்வொன்றாக ஷார்ட் பார்ப்பார். போனதையும், அதோடு சேர்ந்து போகக்கூடியதையும் மாற்றுவார்.

மாற்றியதும் நேராக பிளக்கில் சொருக மாட்டார். டி.வி.க்குப் போகும் கரன்ட்டை அந்தக் குண்டு பல்பு வழியாக அனுப்புவார். உள்ளே இன்னும் ஏதாவது ஷார்ட் மிச்சமிருந்தால், பல்பு முழுப் பிரகாசத்தோடு எரியும். மொத்த வோல்டேஜையும் பல்பே வாங்கிக்கொள்ளும். புதிதாகப் போட்ட பாகங்கள் தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால், பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும்வரை பல்பு ஒரு கணம் மின்னி, பிறகு மங்கிவிடும். அதன்பிறகுதான் நேரடி கரன்ட்.

இதற்கு 60 அல்லது 100 வாட் இழை பல்புதான் வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலையைச் செய்யாது. குண்டு பல்புகள் வீடுகளிலிருந்து மறைந்துவிட்டாலும் மெக்கானிக் மேஜையிலிருந்து மறையாததற்கு இதுதான் காரணம்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆர்வம் நல்லது. ஆனால் 325 வோல்ட் டி.சி. உயிரை எடுக்கக்கூடியது. மின்சாரத்தில் பயிற்சி இல்லாதவர்கள் டி.வி. மூடியைக் கழற்ற வேண்டாம். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பழகட்டும்.

* ஃபியூஸுக்குப் பதில் கம்பி இழை சுற்றவே கூடாது. மூன்று ஆம்பியரில் அறுந்து காப்பாற்ற வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி இருந்தால், அதைவிடப் பல மடங்கு கரன்ட் பாய்ந்தாலும் அது அறுக்காது. வீட்டு மெயின் சுவிட்ச் உணர்வதற்குள் போர்டு தீப்பிடித்திருக்கும்.

* புது ஃபியூஸின் ஆம்பியரும் வோல்ட்டும் பழையதில் உள்ளதேபோல இருக்க வேண்டும். 'கொஞ்சம் பெருசா போட்டா போகாது' என்பது ஆபத்தான யோசனை.

* கெப்பாசிட்டரை மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாக இருக்கட்டும். வோல்ட் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

* போர்டு கருகிக் கரியாகியிருந்தால், அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டி எடுக்காமல் மேலே புதுப் பாகம் வைப்பதில் அர்த்தமில்லை. கருகல் பெரிதாக இருந்தால் போர்டையே மாற்றுவதுதான் சரி.

* மைக்ரோவேவ் அவனையும் பழைய குண்டு டி.வி.யையும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அவனுக்குள் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. குண்டு டி.வி.யின் படக்குழாயில் ஏறத்தாழ 20,000 வோல்ட்.

பாகமா, போர்டா, புது டி.வி.யா?

வாரன்டி இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ்தான். வெளியில் திறந்தால் வாரன்டி போய்விடலாம். ஆனால் மின்னல், வோல்டேஜ் கோளாறால் எரிந்ததற்குப் பெரும்பாலான வாரன்டிகள் பொறுப்பேற்பதில்லை என்பதையும் அந்த அட்டையில் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வாரன்டி முடிந்த டி.வி.க்கு மூன்று வழிகள். எரிந்த பாகங்களை மட்டும் மாற்றுவது, செலவு குறைந்த வழி. ஃபியூஸ், டயோடு, கெப்பாசிட்டர் எல்லாம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் உதிரியாகவே கிடைக்கின்றன. இதில் பாகத்தின் விலையைவிட மெக்கானிக்கின் நேரத்துக்கும் அறிவுக்கும்தான் காசு. அதைக் கொடுப்பதில் தவறில்லை.

இரண்டாவது, முழு பவர் சப்ளை போர்டையே மாற்றுவது. அதே மாடல் எண்ணுள்ள போர்டு கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்காதபோது 'யுனிவர்சல்' போர்டு போடுவார்கள். அது டி.வி.க்குத் தேவையான வோல்ட்டும் வாட்டும் கொடுக்குமா என்று பார்த்துப் போட வேண்டும்.

மூன்றாவது, புதிது வாங்குவது. பவர் சப்ளையோடு மெயின் போர்டும் திரையும் சேர்ந்து போயிருந்தால் அதுதான் நியாயமான முடிவு. பவர் சப்ளை மட்டும் போன டி.வி.க்கு அது அவசரமான முடிவு.

பழுதுபார்க்கும் தகவல்களை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற நோக்கத்தில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ் மையம், உதிரிபாகம், வாரன்டி விவரங்களை நிறுவனங்கள் அதில் வெளியிடலாம். கைவிட வேண்டிய டி.வி.யாக இருந்தாலும் தெருவோரக் குப்பையில் போடக் கூடாது. பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம், எரித்தால் நச்சுப்புகை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பழைய பொருள்களை முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

மறுபடி எரியாமலிருக்க...

* ரிமோட்டில் அணைத்த டி.வி. உண்மையில் அணையவில்லை. சிவப்பு விளக்கு எரியும்வரை பவர் சப்ளை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இரவிலும், ஊருக்குப் போகும்போதும் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

* இடி இடித்தால் பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். சுவிட்சில் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

* கரன்ட் போய்ப் போய் வந்தால், நின்று நிதானமான பிறகு ஐந்து நிமிடம் கழித்து டி.வி.யைப் போடுங்கள்.

* எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் ஸ்பைக் கார்டு ஆகிவிடாது. வேரிஸ்டர் பாதுகாப்பு இருப்பதாகப் பெட்டியில் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் நொடிநேர எகிறலைத்தான் தாங்கும்; நியூட்ரல் கட்டைத் தாங்காது. அதற்கு, வோல்டேஜ் ஏறினால் தானே துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்த வேண்டும்.

* எர்த் இணைப்பையும் நியூட்ரல் திருகுகளையும் அவ்வப்போது எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

* டி.வி.யைச் சுற்றி நான்கு விரற்கடையாவது காற்று போகட்டும். பின்பக்கத் தூசியை, பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டாம்.

டி.வி.யை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தால், திரும்ப வாங்கும்போது மெக்கானிக்கிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். எந்தெந்தப் பாகத்தை மாற்றினீர்கள்? பழைய பாகங்களைக் காட்ட முடியுமா? சீரிஸ் பல்பில் போட்டுப் பார்த்தீர்களா? கடைசியாக, இது ஏன் எரிந்தது? முதல் மூன்றுக்கும் பதில் சொல்லி, நான்காவது கேள்விக்கு "வீட்டுல ஒருதரம் நியூட்ரலைச் செக் பண்ணிடுங்க" என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக் கிடைத்தால், அவருடைய போன் நம்பரைப் பத்திரமாக சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.